பனிக்கட்டியின் எல்லை

இங்கிலாந்தில் ஷெபீல்டு நகருக்கு மேற்கே, பீக் மாவட்டம் என வழங்கும் மேட்டுநிலத்தின் விளிம்பில், ஸ்டேனேஜ் என்ற பாறைச்சுவர் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தூரத்துக்கு நீண்டு கிடக்கிறது. 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் பெருநதிகள் வாரிக்கொண்டு வந்து குவித்த பருமணல் இறுகிக் கல்லாகி உருவான அந்தச் சுவரிலிருந்து ஒரு காலத்தில் எந்திரக் கற்களைச் செதுக்கி எடுத்தார்கள். அந்தத் தொழில் நசித்த பின்னர், விலை போகாத வட்டக் கற்கள் அடிவாரத்துப் புதர்களிடையே இன்னமும் கிடக்கின்றன. 1890ஆம் ஆண்டை ஒட்டி ஜே. டபிள்யூ. பட்ரெல் என்ற ஷெபீல்டுக்காரரும் அவருடைய நண்பர்களும் அந்தப் பாறையின் மீது விளையாட்டாக ஏறத் தொடங்கினார்கள். அன்று முதல் இன்றுவரை, குளிர்ந்து உலர்ந்த காற்று வீசும் நாள்களில், கல்லின் சொரசொரப்பு விரல்களுக்கு நல்ல பிடிப்பைத் தரும் என்பதை அறிந்த மக்கள், ஹேதர்சேஜ் கிராமத்தில் ரயிலை விட்டிறங்கி, மேட்டுவழியே நடந்து அவ்விடத்துக்கு வந்துகொண்டேயிருக்கிறார்கள்.

உயிருக்கு அபாயம் விளைவிக்கும் பெரும் வீழ்ச்சிகளைப் பற்றி இந்த அத்தியாயம் பேசப்போவதில்லை. அவற்றுக்கு உரிய இடம் ஆஸ்பத்திரி. நாம் கவனிக்கப்போவது, மாலையில் நொண்டிக்கொண்டாவது வீடு திரும்பிவிடக்கூடிய சிறு காயங்களை. பாறைச்சுவரின் கீழே உருண்டு கிடக்கும் பெருங்கற்களின் மீது கயிறில்லாமல் ஏறுகிறவர்கள், தரையில் ஒரு தடித்த மெத்தையை விரித்துவிட்டு ஏறுவார்கள். 2 அல்லது 3 மீட்டர் உயரத்திலிருந்து கை நழுவி, மெத்தையின் நடுவில் விழாமல் அதன் ஓரத்தில் ஒரு பாதம் பட்டால், உள்ளங்கால் உட்புறமாகத் திரும்பி, கணுக்காலின் வெளிப்புறத்தில் எலும்பை எலும்போடு பிணைத்து நிற்கும் நார்களுள் முன்புறத்தில் இருப்பது முதலில் இழுபட்டுக் கிழியும். இதுவே சுளுக்கு. மற்றொரு வகைக் காயம் விரல்களுக்கு உரியது. சிறு விளிம்பைப் பற்றித் தொங்கும்போது மோதிர விரலில் 'டப்' என்ற ஓசை கேட்டு, அவ்விரலின் அடிக்கணுவில் கூரிய வலி தோன்றினால், அனுபவமுள்ளவர்கள் அன்றைய தினம் அதற்குமேல் ஏறுவதில்லை.

அன்று மாலை ஷெபீல்டில் ஒரு வீட்டுச் சமையலறையில் நிகழ்வது எல்லாருக்கும் தெரிந்ததே. காலைத் தலையணைகளின் மீது உயர்த்தி வைத்து, குளிர்ப்பெட்டியின் உறைபகுதியிலிருந்து பச்சைப்பட்டாணிப் பொட்டலத்தை எடுத்து, ஒரு துவாலையில் சுற்றி வீங்கிய இடத்தில் வைப்பார்கள். பிரிட்டனின் தேசிய சுகாதார சேவையும் இப்படிச் செய்யவே ஜனங்களுக்குச் சொல்லி வந்திருக்கிறது: ஒரு தடவைக்கு 20 நிமிஷத்துக்கு மிகாமல், 2 அல்லது 3 மணி நேரத்துக்கு ஒருமுறை. சில நிமிஷங்களில் வலி தணிகிறது. தணியவே, காயம் ஆறத் தொடங்கிவிட்டது என்ற நம்பிக்கை பிறக்கிறது. வலி தணிந்தது மெய். அதிலிருந்து பிறந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டா என்பதே நாம் ஆராய வேண்டிய விஷயம்.

அந்தத் துவாலைக்கு அடியில், சருமத்துக்கும் கீழே, என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நார் கிழிந்த கணத்தில் அதனூடே ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் கிழிகின்றன. குழாய்கள் முதலில் சுருங்கி, ரத்தத் தட்டணுக்கள் திரண்டு ஓட்டையை அடைக்கின்றன. அதன்பின், சிதைந்த அணுக்களிலிருந்தும் அருகிலுள்ள காவல் அணுக்களிலிருந்தும் ஹிஸ்டமின், பிராடிகைனின், புராஸ்டகிளாண்டின் முதலிய இரசாயனப் பொருள்கள் வெளிப்பட்டு, பக்கத்திலுள்ள தந்துகிகளை விரியச் செய்து, அவற்றின் சுவர்களில் அணுவுக்கும் அணுவுக்கும் இடையேயுள்ள சந்துகளைத் திறந்துவிடுகின்றன. அச்சந்துகளின் வழியே ரத்தத்தின் நீர்ப்பகுதியும் புரதங்களும் வெளியே கசிந்து திசுக்களில் தேங்குவதே வீக்கம்; குழாய்கள் விரிந்து ரத்தம் மிகுதியாகப் பாய்வதனால் செம்மையும் உஷ்ணமும்; அதே இரசாயனப் பொருள்கள் நரம்பின் நுனிகளைச் சிறிய தொடுதலுக்கும் துடிக்கும்படி செய்வதனால் நோவு. செம்மை, வீக்கம், வெம்மை, நோவு என்ற இந்நான்கையும் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமாபுரியின் செல்சஸ் வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறார். நான்கும் அனுபவிப்பவனுக்குத் துன்பமாகவே இருப்பதனால், நான்கும் நோயின் இலக்கணங்களே, விரைவில் அடக்கப்பட வேண்டியவையே என்று நெடுங்காலம் வைத்தியர்கள் கருதியதில் வியப்பில்லை.

அக்கருத்தைத் தெளிவாக மறுத்தவர் லண்டனில் வாழ்ந்த ரணவைத்தியர் ஜான் ஹன்டர். ராணுவத்தில் பணியாற்றித் துப்பாக்கிக் காயங்களை நேரில் கண்டவர் அவர். அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1794இல் வெளிவந்த அவரது பெரிய நூலில், அழற்சியை ஒரு வியாதியாகக் கருதலாகாது, உடலுக்கு ஏற்பட்ட ஊறினைச் சரிசெய்யச் சரீரம் தானே மேற்கொள்ளும் நன்மையான முயற்சியாகவே அதைக் கருத வேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டினார். நுண்ணோக்கியின் துணையால் உயிரணுக்களைத் தொடர்ந்து பார்க்கும் வித்தை வளராத காலத்தில், வெறுங்கண்ணால் கண்டதையும் ஆழ்ந்த சிந்தனையையும் கொண்டே அவர் இம்முடிவுக்கு வந்தார் என்பதை நினைக்கும்போது, அந்த அறிவின் கூர்மைக்குத் தலை வணங்கத் தோன்றுகிறது.

ஹன்டர் ஊகித்ததைக் கண்ணால் கண்டவர் ருஷிய விஞ்ஞானியாகிய இலியா மெச்னிகாஃப். 1882ஆம் ஆண்டில் சிசிலித் தீவின் மெசினா நகரில் கடற்கரையோரமாகத் தங்கியிருந்த அவர், கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் குஞ்சுகளின் உடலில் தோட்டத்து ரோஜாச் செடியின் முட்களைச் செருகிவிட்டு, இரவெல்லாம் உறக்கமின்றிக் காத்திருந்து, மறுநாட் காலையில் நுண்ணோக்கியில் பார்த்தார். முள்ளைச் சுற்றிலும் நகரும் அணுக்கள் திரண்டு மொய்த்திருந்தன! கடல்வாழ் சிற்றுயிரின் உடம்பில் அன்று அவர் கண்டதே மனிதனின் சுளுக்கிய கணுக்காலிலும் நடைபெறுகிறது. முதல் சில மணி நேரத்தில் நியூட்ரோபில் என்னும் வெள்ளையணுக்கள் வந்து சேர்கின்றன. ஓரிரு நாள்களுக்குள் மேக்ரோபேஜ் எனப்படும் பெருவிழுங்கிகள் வந்து, சிதைந்த அணுக்களையும் உறைந்த ரத்தத்தையும் விழுங்கி இடத்தைத் துப்புரவு செய்கின்றன. துப்புரவோடு அவற்றின் பணி முடிவதில்லை. புதிய திசு வளர்வதற்குத் தூண்டுகோலாகிய வளர்ச்சிக் காரணிகளை, முக்கியமாக இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணி ஒன்றை, சுரந்து தருபவையும் அவையே. அவை வாராவிடில் பழுதுபார்க்கும் வேலை தொடங்குவதேயில்லை.

இனி, குளிர்ச்சி இவற்றுள் எதைத் தொடுகிறது என்று கேட்கலாம். அது முதலாவதாகவும் நிச்சயமாகவும் தொடுவது நரம்பை. நரம்பின் வழியே செய்தி செல்லும் வேகம் அதன் உஷ்ணநிலையைப் பொறுத்தது. ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் குறையுந்தோறும் அவ்வேகம் விநாடிக்கு ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் வரை குறைகிறது. கணுக்காலின் சருமத்தைச் சுமார் 10 டிகிரிக்குக் குளிர்வித்துப் பார்த்த பரிசோதனையில், அங்கே ஓடும் நரம்பின் வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்து, வலியைத் தாங்கும் வரம்பும் உயர்ந்தது. இரண்டாவதாக, சருமத்தின் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. மூன்றாவதாக, அணுக்களுக்குள் நிகழும் இரசாயன வினைகள் மெதுவாகின்றன. காயத்தைச் சுற்றியுள்ள நல்ல அணுக்கள், ரத்த ஓட்டம் குன்றிப் பிராணவாயு கிடைக்காமல் மடியக்கூடும் என்றும், குளிர்ச்சி அவற்றின் தேவையைக் குறைத்து அவற்றைக் காப்பாற்றும் என்றும் பல ஆண்டுகளாக ஓர் அபிப்பிராயம் நிலவி வருகிறது. பிராணிகளிடம் அதற்குச் சில ஆதாரங்கள் கிடைத்துள்ளன. சுளுக்கிய மனிதக் காலில் அது கணிசமான நன்மையாக விளைகிறது என்பதற்கு வலுவான சான்று இல்லை. ஆகவே, வலியை மரக்கச் செய்வது ஒன்றே குளிர்ச்சியின் ஐயமற்ற குணம்.

பழைய வைத்தியர்களும் அதையே கூறினார்கள் என்பது கவனிக்கத்தக்கது. ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கிவரும் கிரேக்க வைத்தியத் தொகுப்பில், புண்ணில்லாத மூட்டு வீக்கத்துக்கும் சுளுக்குக்கும் குளிர்ந்த நீரைத் தாராளமாக ஊற்றலாம் என்றும், அளவான மரப்பு வலியைப் போக்கும் என்றும் சொல்லியிருக்கிறது; காயத்தை ஆற்றும் என்று சொல்லவில்லை. 1807 பிப்ரவரியில் ஐலௌ போர்க்களத்தின் கொடும் பனியில், நெப்போலியனின் ரணவைத்தியராகிய டொமினிக் லாரே, குளிரில் விறைத்த அங்கங்களை வெட்டியெடுக்கும்போது வீரர்கள் அதிக நோவை உணராதிருந்ததைக் குறித்து வைத்தார். இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஆர்னாட், 19ஆம் நூற்றாண்டின் நடுவில், பனிக்கட்டியையும் உப்பையும் கலந்து அதன் கடுங்குளிரால் உடலின் ஒரு பகுதியை மரக்கச் செய்யும் முறையைப் பரப்பினார். ஆனால் அக்காலத்தில் பனிக்கட்டி எல்லார் கைக்கும் எட்டும் பொருளன்று. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளில் வெட்டியெடுத்துக் கப்பலில் மரத்தூளுக்குள் புதைத்துக் கொண்டுவந்த பனிக்கட்டியைச் சேமிப்பதற்காகச் சென்னைக் கடற்கரையில் எழுப்பிய ஐஸ் ஹவுஸ், பிற்காலத்தில் விவேகானந்தர் தங்கியதால் புகழ்பெற்று, இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தப் பனிக்கட்டியை வாங்கிப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியரும் செல்வரும் ஆஸ்பத்திரிகளுமே. காயம்பட்டவன் தன் வீட்டிலேயே பனிக்கட்டி வைத்துக்கொள்ளும் வழக்கம், மின்சாரக் குளிர்ப்பெட்டி ஒவ்வொரு வீட்டுக்கும் வந்த பின்னரே பிறந்தது.

அவ்வழக்கத்துக்குச் சட்டம் போன்ற ஓர் உருவத்தைக் கொடுத்தவர் அமெரிக்க வைத்தியரான கேப் மிர்க்கின். 1978இல் வெளிவந்த விளையாட்டு மருத்துவ நூலில், ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற நான்கு உபாயங்களையும் அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளால் 'ரைஸ்' என்று கோத்துக் கொடுத்தார். நினைவில் எளிதாக நின்றதனாலேயே அது பள்ளிக்கூட மைதானம் முதல் ஒலிம்பிக் அரங்கம் வரை பரவியது. நான்கில் இரண்டாவதாகிய பனிக்கட்டிக்கு அதனால் ஒரு தனி மதிப்பு ஏற்பட்டு, வீக்கம் இருக்கும்வரை, சில நாள்களுக்கோ வாரக்கணக்கிலோகூட, மணிக்கொரு தடவை வைத்துக்கொண்டேயிருக்க வேண்டும் என்ற அளவுக்கு அது வளர்ந்தது.

2011இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் குழுவொன்று எலிகளின் கால்தசையை நசுக்கிக் காயப்படுத்தி, சிலவற்றுக்கு மட்டும் 20 நிமிஷம் பனிக்கட்டி வைத்து, பின்னர் நான்கு வாரங்கள் வரை தசைகளை நுண்ணோக்கியில் பரிசோதித்தது. பனிக்கட்டி வைத்த தசைகளில் மேக்ரோபேஜ் அணுக்களின் வருகை தாமதப்பட்டிருந்தது; புதிதாக வளர்ந்த தசையிழைகள் மெலிந்திருந்தன; தழும்புத் திசு அதிகமாயிருந்தது. மெச்னிகாஃப் கண்ட அந்த அணுக்களின் படையெடுப்பையே குளிர்ச்சி தடுத்துத் தாமதப்படுத்துமானால், வீக்கத்தோடு சேர்த்து ஆற்றும் சக்தியையும் நாம் அடக்குகிறோம் அல்லவா? இத்தகைய சான்றுகளைக் கண்ட மிர்க்கின், 2014இல், பனிக்கட்டியும் பூரண ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று பகிரங்கமாக எழுதித் தம் பழைய உபதேசத்தைத் திருத்திக்கொண்டார். தம் பெயரோடு ஒட்டிவிட்ட ஒரு கொள்கையை, 36 ஆண்டுகள் கழித்து, தம் வாயாலேயே மறுக்கத் துணிவது அரிய நேர்மை. விஞ்ஞானம் என்பதை மாணவர்களுக்கு எடுத்துக்காட்ட வேண்டுமானால் இந்நிகழ்ச்சியையே நான் முதலில் காட்டுவேன்.

எனினும், எலியின் கால்தசையில் கண்டதை அப்படியே மனிதனின் கணுக்காலுக்கு ஏற்றிச் சொல்வதும் பொருந்தாது. எலியின் தசை விரலளவினும் மெல்லியது. பனிக்கட்டியின் குளிர் அதன் உள்வரை விரைந்து பாய்ந்துவிடும். மனிதக் காலில், துவாலைக்கும் சருமத்துக்கும் கொழுப்புக்கும் கீழே, ஆழத்தில் உள்ள திசு சில டிகிரி குளிர்வதற்கே வெகுநேரம் ஆகும். மேலும், நசுங்கிய தசை வேறு, கிழிந்த நார் வேறு. ஆகவே பனிக்கட்டியைத் தீண்டத்தகாத பொருளாக ஒதுக்கிவிட இவ்வாராய்ச்சிகள் இடம் தரவில்லை. 2019இல் கனடா நாட்டு இயன்முறை வைத்தியர் இருவர் வகுத்த புதிய நெறியில் பனிக்கட்டிக்கு இடமேயில்லை. 2012இல் வேறு சிலர் வகுத்த நெறியிலோ பனிக்கட்டி இருந்தது, ஓய்வுக்குப் பதிலாக அளவான இயக்கம் சேர்க்கப்பட்டிருந்தது. என் அபிப்பிராயத்தில் 2012இன் நெறியே அனுபவத்துக்குப் பொருத்தமானது. தாங்கமுடியாத நோவுள்ள முதல் நாளில் வலியைத் தணிக்க வேறு மருந்தை நாடுவதைவிட, பக்குவமறிந்து சிறிது நேரம் பனிக்கட்டி வைத்துக்கொள்வதில் குற்றமில்லை.

அந்தப் பக்குவத்துக்கு அடிப்படையாக ஒரு பௌதிக உண்மை இருக்கிறது. 1760ஐ அடுத்த ஆண்டுகளில் கிளாஸ்கோ சர்வகலாசாலையில் ஜோசப் பிளாக் என்ற ஆசிரியர் கண்டறிந்தபடி, பனிக்கட்டி உருகும்போது அதன் உஷ்ணநிலை மாறாமலேயே ஏராளமான வெப்பத்தை உட்கொள்ளுகிறது. 1 கிராம் பனிக்கட்டி 0 டிகிரியிலேயே நின்று நீராக மாறுவதற்கு 80 கலோரி வெப்பம் வேண்டும். அதே 1 கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கப் போதுமான வெப்பம் அது. இந்த உள்ளுறை வெப்பத்தை உடலிலிருந்து இழுத்துக்கொள்வதனால்தான், உருகிக்கொண்டிருக்கும் சாதாரணப் பனிக்கட்டி, தொட்டால் அதைவிடக் கடுங்குளிராகத் தோன்றும் வேறு பொருள்களைக் காட்டிலும் சீராகவும் நெடுநேரமும் குளிர்விக்கிறது. அது 0 டிகிரிக்குக் கீழே போவதுமில்லை. கடைகளில் விற்கும் ஜெல் பைகளோ, உறைபகுதியின் -18 டிகிரிக் குளிரிலும் இறுகாமல் மெத்தென்றிருக்கும்படி செய்யப்பட்டவை. எடுத்தவுடன் வெறுஞ்சருமத்தில் வைத்தால், அவ்விடத்துச் சருமமே உறைந்து புண்ணாகக்கூடும். பட்டாணிப் பொட்டலமும் எடுத்தவுடன் அதே -18 டிகிரியில்தான் இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆகவே, பனிக்கட்டியை உடைத்து ஒரு பையிலிட்டு, சிறிது நீர் சேர்த்து, நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியின் மேல் வைப்பதே உத்தமம். உலர்ந்த தடித்த துவாலை வெப்பத்தைக் கடத்தாது. குளிர் உள்ளே இறங்குவதற்கு அது பெருந்தடை.

எவ்வளவு நேரம் வைப்பது என்பதற்கு ஒரே விடை இல்லை. தொடைத்தசையில் நடத்திய ஒரு பரிசோதனையில், சருமத்தோடு கொழுப்பைக் கிள்ளிப் பிடித்தால் வரும் மடிப்பு 10 மில்லிமீட்டருக்கு உட்பட்டிருந்தவர்களுக்கு, கொழுப்புக்கு 1 சென்டிமீட்டர் கீழேயுள்ள தசை 7 டிகிரி குளிர்வதற்குச் சுமார் 8 நிமிஷம் போதுமாயிருந்தது. அம்மடிப்பு 30 மில்லிமீட்டருக்கு மேற்பட்டிருந்தவர்களுக்கு அதே குளிர்ச்சி உண்டாக ஏறத்தாழ 1 மணி நேரம் ஆயிற்று. கணுக்காலிலோ சருமத்துக்கு அடியிலேயே எலும்பும் நாரும் இருப்பதனால் நீண்ட நேரம் தேவையில்லை. வட அயர்லாந்தில் பிளீக்லி என்பவரும் அவருடைய துணைவர்களும் 2006இல் வெளியிட்ட பரிசோதனையில், சுளுக்குற்றோருள் ஒரு சாராருக்கு வழக்கப்படி 20 நிமிஷம் தொடர்ச்சியாகவும், மற்றொரு சாராருக்கு 10 நிமிஷம் வைத்து, 10 நிமிஷம் எடுத்துவிட்டு, மீண்டும் 10 நிமிஷமும் பனிக்கட்டி வைத்தார்கள். இடைவிட்டு வைத்தவர்களுக்கு ஒரு வாரத்துக்குப் பின் கால் அசைக்கும்போது உண்டாகும் வலி குறைந்திருந்தது. வீக்கத்தில் இரு சாராருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. இடைவெளியில் சருமம் வெதுவெதுப்பை மீண்டும் பெற்றுவிடுகிறது, ஆழத்திலுள்ள திசுவோ குளிர்ந்தே இருக்கிறது என்பது இதற்குக் கூறும் காரணம். மிர்க்கினும் தம் பிற்கால அறிவுரையில் ஒரு தடவைக்கு 10 நிமிஷமே அனுமதித்து, காயம்பட்டு 6 மணி நேரம் கழிந்த பின்னர் பனிக்கட்டிக்கு வேலையில்லை என்று முடித்திருக்கிறார்.

விரலின் கதை வேறு. பாறையேறுகிறவர்களுக்கு அதுவே மிக நெருங்கியது என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். விரலை மடக்கும் தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் நாண்கள் உள்ளங்கை வழியே விரல் நுனி நோக்கிச் செல்கின்றன. தூண்டிற்கோலின் நெடுக அமைந்த வளையங்கள் நூலைக் கோலோடு சேர்த்துப் பிடிப்பதுபோல, விரலெலும்பின் மேலுள்ள சிறு நார் வளையங்கள் அந்நாண்களை எலும்போடு ஒட்டிப் பிடிக்கின்றன. அவற்றுள் விரலின் அடிக்கணுவிலுள்ள பெரிய வளையமே, நடுமூட்டைக் கூர்மையாக மடித்துச் சிறு விளிம்பைப் பற்றும்போது, விரல் நுனி சுமக்கும் பாரத்தைப்போல் பல மடங்கு இழுவிசையைத் தாங்குவது. பாறையேறுவோரிடையே மிகுதியாகக் கிழிவதும் அதுவே. ஒரு வளையம் மட்டும் கிழிந்தால் பெரும்பாலும் அறுவை இல்லாமலே, விரலுக்கு வளையக் காப்பு அணிந்து, படிப்படியாகப் பாரம் ஏற்றி வருவதனால் ஆறும்; பல வளையங்கள் ஒருங்கே அறுந்தால் ரணவைத்தியம் வேண்டியிருக்கும். விரலை மடக்கும்போது நாண் எலும்பை விட்டு விலகி வில்லின் நாணைப்போல் மேலெழுந்து தோன்றினால் தாமதமின்றி ஒலியலைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

இத்தகைய விரலைக் குளிரில் வைக்கும்போது கணுக்காலில் காணாத ஒரு விந்தை நிகழ்கிறது. லண்டனில் ஆராய்ந்துவந்த சர் தாமஸ் லூயிஸ், 1930இல் வெளியிட்ட கட்டுரையில், உருகும் பனிக்கட்டி நீரில் விரலை அமிழ்த்தினால் முதலில் ரத்தக் குழாய்கள் சுருங்கி விரல் வெளிறிக் குளிர்வதையும், 5 முதல் 10 நிமிஷத்துக்குள் அவை தாமே விரிந்து வெதுவெதுப்பு திரும்புவதையும், பின்னர் மறுபடி சுருங்கி மறுபடி விரிந்து இப்படியே மாறி மாறி அலைவதையும் விவரித்தார். தமனியையும் சிரையையும் நேராக இணைக்கும் குறுக்கு வழிகள் விரல் நுனிகளில் ஏராளமாக இருப்பதே இதற்கு இடம் கொடுக்கிறது. ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற பாறையேறியான டேவ் மக்லியோட், இவ்வுண்மையின் பேரில், வீக்கம் தணிந்த பின்னர் எஞ்சி நிற்கும் விரல் காயத்துக்கு, சில பனிக்கட்டித் துண்டுகள் மட்டும் இட்ட நீரில் கையை அமிழ்த்தி அரைமணி நேரம் வரை வைத்திருந்து ரத்த ஓட்டத்தைத் தூண்டும் முறையைத் தம் அனுபவத்தால் பரிந்துரைத்திருக்கிறார். ஆகவே விரலுக்குக் கடுங்குளிர் தேவையில்லை. ஐஸ் பையை விரலில் சுற்றிக் கட்டுவதைவிட ஒரு பாத்திரம் குளிர்ந்த நீர் மேலானது. சிறு குளிருக்கும் விரல்கள் வெண்மையாகவும் நீலமாகவும் மாறும் இயல்புடையவர்கள், 1862இல் மாரிஸ் ரேனோ விவரித்த அந்த உபாதை தமக்கிருப்பதை அறிந்தவர்கள், இம்முறையை அறவே விலக்க வேண்டும். நீரிழிவினால் உணர்ச்சி மழுங்கியவர்களும், குளிர் பட்டால் தடிப்பு எழும்புகிறவர்களும் பனிக்கட்டியையே தவிர்ப்பது க்ஷேமம். முழங்காலின் வெளிப்புறத்திலும் முழங்கையின் உட்புறத்திலும் பெரிய நரம்புகள் சருமத்தை ஒட்டி ஓடுகின்றன. அவ்விடங்களில் பனிக்கட்டியை அழுத்திக் கட்டியதனால் பாதமோ கையோ தற்காலிகமாகச் செயலிழந்த சம்பவங்கள் உண்டு. பனிக்கட்டியை வைத்துக்கொண்டு உறங்கிவிடுவது எல்லாவற்றிலும் அபாயகரமானது.

வலியை மரக்கச் செய்வது குளிர்ச்சியின் குணமென்றால், வலி எச்சரிக்கையாக இருக்கும் இடத்தில் அக்குணமே தீங்காகலாம். ஆகவே எலும்பு முறிந்துள்ளதா என்பதைப் பனிக்கட்டி வைப்பதற்கு முன்பே சோதித்துக்கொள்ள வேண்டும். இதற்குக் கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீல் என்ற வைத்தியரின் தலைமையில் 1992இல் வகுத்த விதிகள் எளிமையானவை: கணுக்காலின் இருபுறத்து எலும்புப் புடைப்புகளின் நுனியிலோ, அவற்றின் பின்விளிம்பில் மேல்நோக்கி 6 சென்டிமீட்டர் தூரத்துக்குள்ளோ எலும்பை அழுத்தினால் வலித்தாலும், பாதத்தின் வெளிவிளிம்பில் சுண்டுவிரலை நோக்கிச் செல்லும் எலும்பின் அடிப்புடைப்பிலோ, உள்வளைவின் மேலுள்ள படகெலும்பிலோ அழுத்தும்போது வலித்தாலும், அடிபட்ட உடனேயும் பின்னரும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

எலும்பு முறியவில்லை என்று தெளிந்த பின்னர், குணத்தை விரைவுபடுத்துவது எது? முன் சொன்ன பிளீக்லி குழுவினரே 2010இல் வெளியிட்ட மற்றொரு பரிசோதனையில், சுளுக்குற்ற இரு சாராருக்கும் பனிக்கட்டியும் கட்டும் ஒருபடியாகவே கொடுத்து, ஒரு சாராருக்கு மட்டும் முதல் வாரத்திலேயே கணுக்காலை அசைக்கும் பயிற்சிகளைச் சேர்த்தார்கள். பயிற்சி செய்தவர்களின் கால் முதல் இரண்டு வாரங்களிலும் மற்றவர்களுடையதைவிட நன்கு இயங்கியது. கிழிந்த நாரில் முதலில் ஒழுங்கின்றி இடப்படும் புரத இழைகள், காலின் மீது அளவாக விழும் இழுவிசையின் திசையிலேயே தம்மை வரிசைப்படுத்திக்கொண்டு, பல மாதங்களில் வலுப்பெறுகின்றன. அந்த இழுவிசையைக் கொடுக்கப் பனிக்கட்டியால் இயலாது. ஆனால் அதற்கு வழி திறந்துவிட இயலும். 1960களில் அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரியொன்றில், காயமுற்ற வீரர்களின் மூட்டைப் பனிக்கட்டியால் தேய்த்து மரக்கச் செய்து, வலி தணிந்த அந்தச் சில நிமிஷங்களிலேயே அதை அசைக்கச் செய்யும் முறையை இயன்முறை வைத்தியர்கள் கையாண்டார்கள். ஸ்டேனேஜிலிருந்து நொண்டி வந்தவரும் அதைச் செய்யலாம்: 10 நிமிஷம் பனிக்கட்டி வைத்து, அதை அப்பால் வைத்துவிட்டு, பாதத்தை மேலும் கீழுமாகவும், நோவு பொறுக்கும் அளவுக்கு வட்டமாகவும் மெதுவாகச் சுழற்ற வேண்டும், மரப்பு முற்றிலும் நீங்கிய பின்னரே அதன்மீது முழு எடையை வைத்து நிற்க வேண்டும்.